அலைக்கு நேரே

லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. மருந்துக்கடைக்காரர் தடுமாறி முன்னே வந்து நிற்கிறார். தையல்கார அக்காவுக்கு அதுவும் போதவில்லை. தையல் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகிறார். "மத்தவங்க தையல நான் நம்பறதில்ல." கடைசியில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "பயமா இருக்கா?" இல்லை என்று மார்தட்டுகிறவர்களைக் கரையிலேயே நிறுத்திவிடுவார். எனக்கு அந்தக் கவலை இல்லை. அவர் கேட்பதற்கு முன்பே "ரொம்ப" என்று சொல்லிவிட்டேன்.

பேன்ட் சுருக்குவதும் ஜிப் மாற்றுவதும் அவருக்குப் பிழைப்பு. கடலில் யாராவது சிக்கிக்கொண்டால் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, சம்பளமில்லாமல் மீட்புப் படகை ஓட்டிப் போவார். இப்போது வலது தோள் மேலே எழுவதில்லை. அவசரத்துக்குப் படகின் சக்கரத்தைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். எங்கள் மீட்புக் குழுவில் அதற்குக் கைப்பலம் உள்ளவர் ஒருவர்தான். அக்காவின் கணவர், பஸ் ஓட்டுநர். இன்று அவருக்குப் பயிற்சி.

அங்கேதான் சிக்கல். எதிரே எது வந்தாலும் ஒதுங்கிப் போவது அவர் கையில் ஊறிப்போன பழக்கம். படகோ பேரலையை மூக்கால் சந்திக்க வேண்டும். விலாவைக் காட்டினால் கவிழ்ந்துவிடும். வீட்டில் "ஏங்க" என்று கூப்பிடுகிற அக்கா படகில் "டிரைவர்" என்றுதான் அழைக்கிறார். "டிரைவர், அது லாரி இல்ல. ஒதுங்காதீங்க. நேரா போங்க."

"ரெண்டு பேரும் ஒரே படகுல ஏறாதீங்க, பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க" என்று அக்காவின் மாமியார் ஓயாமல் சொல்கிறாராம். "அவங்க சொல்றது நியாயந்தான்" என்றார் அக்கா, படகில் ஏறிக்கொண்டே.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் கரை தெரியவில்லை. காற்றில் யார் பேசுவதும் பாதிதான் காதில் விழுந்தது. முதல் பேரலை வந்தபோது டிரைவர் இடப்பக்கம் ஒடித்தார். படகு சாய்ந்தது. என் இடுப்புவரை தண்ணீர். கதை முடிந்தது என்றே நினைத்தேன். அக்கா பாய்ந்து இடக்கையால் சக்கரத்தைத் திருப்பினார். படகு நடுங்கி நிமிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் வாந்தி எடுத்தார்.

"நீயே ஓட்டிடும்மா" என்றார் கணவர். முகம் வெளுத்திருந்தது. "என்னால முடியாது."

"இன்னிக்கு நான் பக்கத்துல இருக்கேன். நாளைக்கு நானே தண்ணிக்குள்ள கிடந்தா, என்னத் தூக்க யாருங்க வருவா?"

அவர் சக்கரத்தை விடவில்லை.

அடுத்த அலை முன்னதைவிடப் பெரிது. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு எழுந்தது. மறுபடி இடப்பக்கம் ஒடிக்க டிரைவரின் இடது முழங்கை மெல்ல மடங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். அவர் கை தானாகவே சக்கரத்தை நோக்கி நீண்டது. பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.