டெல்மர் தேடும் துப்பாக்கி

அமெரிக்காவின் ஐடஹோ மலையடிவாரத்தில் லாரி ஓட்டும் டெல்மர், காட்டுக்கு எடுத்துப்போக ஒரு சின்னக் கைத்துப்பாக்கி தேடத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. பாம்பைச் சுட்டால் போதும். ஆனால் ஒன்று கனமாம், ஒன்று துருப்பிடிக்குமாம், இன்னொன்றில் ஆறு குண்டுதானாம். மனைவி வெர்லாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்தக் கோடையிலும் துப்பாக்கிக் கடையில்தான் நின்றான். மலை ஏரிக்கரையில் மூன்று நாள் தனியாகத் தங்கி மீன் பிடித்துவிட்டு, முதுகுப்பையோடு நேரே அங்கே வந்தாள் வெர்லா.

"சரியான துப்பாக்கி இல்லாம மேல போறது ஆபத்து வெர்லா. பூராவும் பாம்பு" என்றான்.

"யோவ், பதினோரு வருஷமா நான் வெறுங்கையோட போயிட்டு வர்றேன். அந்தப் பாம்பெல்லாம் நீ வருவேன்னுதான் காத்துக்கிட்டு இருக்கா?"