சந்தனப் பொட்டு வைத்த ரவுட்டர்

காலை எட்டு ஐம்பது. கணினி ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை இருபது கறுப்புத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரே வெள்ளை வரி, ஆங்கிலத்தில்: தேவையான கோப்பு கிடைக்கவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் உள்ள பள்ளி அது. பிப்ரவரி மாதம். அன்று ஒன்பதரைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். இயந்திரங்கள் ஓடவில்லை என்று அவர் எழுதிவிட்டால், பிள்ளைகளைச் செங்கோட்டையில் வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போய், பழக்கமில்லாத கணினிகளில் தேர்வு எழுத வைக்க வேண்டியதுதான்.

எங்கள் ஆய்வகத்தில் உண்மையில் இருப்பது ஒரே ஒரு கணினி. மூலையில் நிற்கும் அந்த சர்வரில் லினக்ஸ் ஓடுகிறது. மாணவர்கள் முன்னால் இருப்பவை உள்ளே ஹார்ட் டிஸ்க் கூட இல்லாத சின்னப் பெட்டிகள். பிள்ளைகள் வைத்த பெயர் ‘டிபன் பாக்ஸ்’. சுவிட்சைப் போட்டதும் பெட்டி விழித்துக்கொண்டு, தனக்கு வேண்டியதை எல்லாம் வயர் வழியே சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். செலவு குறைவு, வைரஸ் தொல்லை இல்லை என்று நிர்வாகத்திடம் பேசி இதை வாங்க வைத்தவன் நான்தான்.

சர்வரை நிறுத்திப் போட்டேன். அது நன்றாகவே ஓடியது. பெட்டிகளை நிறுத்திப் போட்டேன். மறுபடியும் அதே வரி. வராண்டாவில் காத்திருந்த மாணவர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது.

“செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவாவளாம்லே.”

“அப்படியே புளியறை வரைக்கும் போனா பரோட்டா தின்னுட்டு வரலாம்.”

“ஏலே, இங்கன மார்க்கு போகுதுன்னு நான் பதறுதேன், இவன் பரோட்டா கேக்கான்!” என்றாள் ஒரு மாணவி. சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் கணினி இல்லாததால், மாலை தவறாமல் ஆறாம் எண் பெட்டியில் உட்கார்ந்து பழகியவள் அவள்.

இந்த வேலைக்கு வருமுன் சில வருடங்கள் ஒரு செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நேற்று இல்லாதது இன்று இருந்தால் கண் அங்கே போய் நிற்கும். பிழை வரிக்கு மேலே ஓர் எண் வரிசை இருந்தது. பெட்டி விழித்ததும் நெட்வொர்க்கில் அதற்குத் தரப்படும் முகவரி. எங்கள் சர்வர் கொடுக்கும் முகவரிகள் பத்தில் தொடங்கும். திரையில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் “ரூம் வேணுமா சார்?” என்று ஓடி வருவார்களே, பெட்டிகளின் நிலைமையும் அதுதான். விழித்ததும் “எனக்கு இடம் சொல்ல யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்கும். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் பின்னால் போய்விடும். அன்று சர்வரை முந்திக்கொண்டு வேறு யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். முகவரி கொடுத்தவரிடம் ரூம் இல்லை; பெட்டி தேடும் கோப்பு எங்கள் சர்வரில்தான் இருக்கிறது.

வயர்கள் எல்லாம் சேரும் பெட்டியைத் திறந்தேன். சாம்பல் நிற வயர்களுக்கு நடுவே நீல நிறத்தில் புதிதாக ஒன்று. அது சுவர் ஏறி, வென்டிலேட்டர் வழியாகத் தலைமையாசிரியை அறைக்குள் போயிற்று.

வாசலில் அலுவலக உதவியாளர் நின்றார். “அண்ணாச்சி, இது என்ன?”

“மேடம் மாட்டச் சொன்னாவ. ஒரு ஓட்டை சும்மாதான கெடந்துச்சு, குத்திட்டேன்” என்றார்.

தலைமையாசிரியையின் மேசையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒரு புது வைஃபை ரவுட்டர். அதன் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். மேடம் கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீய. தம்பி துபாயிலேருந்து கொண்டாந்தது. நாலு கோடும் முழுசாக் காட்டுது, ஆனா ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. இங்கன டவர் சரியாக் கெடைக்காதுல்லா? வெளியூர்லேருந்து ஒரு மனுஷர் வாராரு, நம்ம பள்ளிக்கூடத்துல வந்து நெட்டு இல்லாம தவிக்கலாமா?”

பெட்டிகளுக்குத் தப்பு முகவரி கொடுப்பது இந்த ரவுட்டர்தான், அந்த வயரில் இணையமும் கிடையாது என்று சொன்னேன். மேடம் ரவுட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப இருபது பிள்ளைகளையும் மறிச்சிட்டு நிக்கது என் பெட்டியா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து, நீல வயரைத் தன் கையாலேயே பிடுங்கினார். பிறகு எனக்கு முன்னால் ஆய்வகத்துக்கு நடந்தார்.

பெட்டிகளை மறுபடி போட்டோம். முதல் வரிசையில் ஒரு திரை நீலமானது. பிறகு அதன் பக்கத்தில். எல்லாப் பெட்டிகளும் ஒரே சர்வரிடம் ஒரே நேரத்தில் கேட்பதால் மெதுவாகத்தான் வரும். மேடம் வரிசைகளுக்கு நடுவே நின்று ஒவ்வொரு திரைக்கும் “வந்துட்டு, வந்துட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாம் எண் கடைசிக்கு முன்னதாக வந்தது. அந்த மாணவி உட்கார்ந்து, தேர்வு தொடங்குமுன்னே விசைப்பலகையைக் கையால் துடைத்தாள்.

அப்போதுதான் ஒன்பதரை எப்போதோ தாண்டிவிட்டது நினைவுக்கு வந்தது. தேர்வாளரைக் காணவில்லை.

“போன் வந்துச்சு சார்” என்றார் அண்ணாச்சி. “விடியக்காலமே வந்துட்டாராம். இவ்வளவு தூரம் வந்துட்டுக் குளிக்காமப் போவாவளான்னு அருவிக்குப் போயிருக்காரு. தண்ணி நூல் கணக்கா விழுதாம். குளிக்க வரிசையில நிக்காராம்.”

அருவி நன்றாகக் கொட்டியிருந்தால், சட்டென்று குளித்துவிட்டுச் சரியான நேரத்துக்கு வந்து இருபது கறுப்புத் திரைகளையும் பார்த்திருப்பார்.

தேர்வு தாமதமாகத் தொடங்கி ஒழுங்காக முடிந்தது. யாரும் செங்கோட்டைக்குப் போகவில்லை. அதன் பிறகு ஆய்வகத்தில் ஏதாவது நின்றுபோனால், யார் என்ன தப்பு செய்தார்கள் என்று நான் விசாரிப்பதில்லை. காலையில் யார் யாருக்கு என்ன நல்லது செய்ய நினைத்தார்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் வயர் அங்கேதான் போய் முடிகிறது.

தேர்வாளர் மாலை வரை எங்களோடு இருந்தார். வைஃபை கேட்கவே இல்லை. வந்ததும் அவர் கேட்டது, தலை துவட்ட ஒரு துண்டு.