வேடியப்பனின் கலக்குக் கோல்

வேடியப்பன் சும்மா உட்கார்ந்து ஆரணியில் யாரும் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கிற தொட்டியில் நூலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்தக் கை வீட்டிலும் நிற்காது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே சமையல்கட்டுக்குப் போய்ச் சாம்பாரைக் கிண்டினார் என்று தெருவில் பேச்சு. மனைவி காசியம்மாள் இதுவரை மறுக்கவில்லை.

இப்போது அவருடைய சாயப் பட்டறைக்கே ஆபத்து. சிவப்புக் கழிவுநீர் கால்வாயில் ஓடுகிறதென்று யாரோ மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். நிறம் வெளுக்காவிட்டால் பூட்டு.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் தேவகி உதவிக்கு வந்தாள். செவ்வாய் காலை ஒரு தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, குப்பியிலிருந்த பாக்டீரியாவை ஊற்றினாள்.

"சாயத்த உடைக்கிற என்சைம் இதுங்க உடம்புக்கு மேலயே நீட்டிகினு நிக்கும்ணா. அப்படி மாத்தியிருக்கோம். சாயம் வந்து தொட்டாலே உடையும்."

"வெளிய ஓடிட்டா?" என்றார் வேடியப்பன்.

"ஓடாது. வேல முடிஞ்சதும் தண்ணிய கொதிக்க வெச்சிட்டுத்தான் வுடுவோம்."

"வேல வாங்கிகினு கொன்னுடுவியா? எங்க மொதலாளிங்களே தேவல."

தேவகி சிரித்தாள். தொட்டிக்குள் குழாய் வழியாகக் காற்று ஊதும் சின்ன மோட்டாரைப் போட்டுவிட்டு, "மூணு நாள் மூடியத் தொறக்காதீங்க" என்று சொல்லிப் போனாள்.

செவ்வாய் ஒரு நாள்தான் தாங்கினார். புதன் காலையில் மூடியை லேசாகத் தூக்கினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கை தானாகக் கோலை எடுத்து நாலு சுற்று சுற்றியது. பதறிப்போய் மூடினார். ஒரு மணி நேரத்தில் மறுபடி அங்கேயே நின்றார். வியாழன் முடிவதற்குள் எத்தனை முறை கலக்கினார் என்பது அவருக்கே தெரியாது. ராத்திரி வீட்டில் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரு தொட்டிய சும்மா வுட முடியல உன்னால," என்றாள் காசியம்மாள். "கெடுத்து வெச்சிட்டு இப்ப பேஜாராயிகினு இரு."

வெள்ளி காலை தேவகி மூடியைத் திறந்தாள். காற்றுக் குழாயின் வாயைப் பட்டுப் பிசிறு அடைத்திருந்தது. அவள் முகம் கறுத்தது.

"காத்தே போகல. காத்து இல்லாட்டி இதுங்க வேல செய்யாதே." அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தாள். வெளிறிய ரோஜா நிறம். "யாரு தொறந்தது?"

வேடியப்பன் முதுகுக்குப் பின்னால் கோலை மறைத்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா. கை நிக்கல."

"நிக்காததே நல்லதாப் போச்சுண்ணா. நீங்க கலக்கினதுலதான் காத்து போயிருக்கு. இன்னும் கொஞ்சம் செவப்பு இருக்கு, பாருங்க."

"ஆபீசர் எப்ப வராரு?"

"பதினோரு மணிக்கு."

மணி ஒன்பது. வேடியப்பன் லுங்கியை மடித்துக் கட்டினார்.

அதிகாரி வந்து, தொட்டி நீரைக் கண்ணாடிக் குப்பியில் மொண்டு வெயிலில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தும் சிவப்பு தெரியவில்லை.

"சரி, பட்டறைய ஓட்டுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி வருவேன்," என்றார். "இப்ப அந்தக் கோல கீழ வையுங்க."

"வெச்சிடறேன் சார்," என்றார் வேடியப்பன், கலக்கிக்கொண்டே.