சந்தனம் பட்ட தொலைநோக்கி

ஒரு சனிக்கிழமை காலை, தங்கையின் சாப்பாட்டு மேசையில் இடியப்பத் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு தொலைநோக்கியை அளந்தோம். எண்பத்தொரு சென்ரிமீற்றர். பெருவிரல் தடிப்பில் ஒரு பித்தளைக் குழாய், இரண்டு முனையிலும் கண்ணாடி.

"என்ன உது, நாதஸ்வரமோ?" என்றாள் தங்கை.

"துவக்குக்குப் பூட்டுறது" என்றார் அவள் கணவர், என் மச்சான்.

"துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து துவக்குக்கு நாதஸ்வரம் பூட்டுறார். அண்ணை, நீங்களும் கூட நிண்டு பிடிக்கிறியள்!"

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் எட்டு ஆண்டுகள் செய்தி திருத்தியவன். ஜேர்மனியின் ஹம் நகருக்கு வந்தபின் திருத்துவதற்கு மச்சானைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

மச்சான் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் பதினொரு ஆண்டு உறுப்பினர். அங்கே அவர் ஒருவரே தமிழர். கோடை விழாவில் தொத்திறைச்சி வாட்டும் பொறுப்பு ஆண்டுதோறும் அவருக்கு. அவர் சுடுவது பழைய மாதிரியில் செய்த, வாய்ப்பக்கத்தால் கருமருந்து இடும் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கிக்கு விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. உள்ளே போடும் கருமருந்துக்கு வகுப்பு, பரீட்சை, அன்ராக் என்ற விண்ணப்பம், ரெர்மின் என்ற முன்பதிவு எல்லாம் தேவை. இதை மச்சான் எந்தச் சிரிப்பும் இல்லாமல் சொல்வார்.

சங்க மண்டபத்தில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. முந்நூறு மீற்றர் அணியின் நான்கு பெயர்களும் அதில் பொன்னிற எழுத்தில் எழுதப்படும். மச்சானுக்கு அந்தப் பலகையில் தன் பெயர் வேண்டும். அப்பா பெயரும் சேர்ந்த முழுப் பெயர், இருபத்தேழு எழுத்து. சங்கத்தின் செயலாளர் அம்மையார் ஒருநாள் பலகையை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "சின்ன எழுத்தில் எழுதினால் அடங்கும்" என்றாராம். அன்றிலிருந்து மச்சானுக்குத் தூக்கம் குறைந்துவிட்டது.

ஆனால் வயது ஐம்பத்தெட்டு. துப்பாக்கியின் பின்குறி, முன்குறி, தூரத்து இலக்கு மூன்றும் ஒன்றாக அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சங்கத்தின் விதிப்படி பழைய மாதிரித் தொலைநோக்கி மட்டும் பூட்டலாம். அதனால்தான் மேசையில் நாதஸ்வரம்.

குழாயை இரண்டு வளையங்கள் தாங்கும். முன்வளையத்தின் கால், துப்பாக்கிக் குழலில் வெட்டிய ஒரு காடிக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. மச்சான் சுவாமி விளக்கின் கரியைத் தொட்டுக் காடியில் பூசினார். காலைச் செருகி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுவை இழுத்தார். மறுபடி கரி, மறுபடி அரம். இரண்டு மாலைகள் போயின.

"சுவாமிக்கு விளக்கு, இவருக்கு மை" என்றாள் தங்கை.

பிறகு குழாய்க்குள் தெரியும் சிலுவைக் கம்பியை நேராக்க வேண்டும். நான் வீட்டுக் கதவின் திறப்பை நூலில் கட்டி, தூக்குக்குண்டு போலச் சுவரோரம் தொங்கவிட்டேன்; அவர் குழாய்க்குள் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆடாதை மச்சான்!" என்றார். ஆடியது நூல். திட்டு எனக்கு.

முக்கியமான வேலை கடைசியில் இருந்தது. குழாய் வளையத்துக்குள் இறுக்கமாக இருக்கக் கூடாது. சுடும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும்; தொலைநோக்கி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு சுடுபவர் அதைக் கையால் பின்னே இழுத்துக் குழாயில் கீறிய கோட்டுக்குக் கொண்டுவருவார். பழைய பத்திரிகைத் தாளில் ஒரு கீற்று வெட்டிக் கொடுத்தேன். அந்தத் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுத் திருகினார். என் தொழில் அனுபவம் முதல்முறையாக அந்த வீட்டில் பயன்பட்டது.

அணியில் மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு மச்சானும் ஓய்வுபெற்ற ஒரு பேக்கரிக்காரரும் போட்டி. தேர்வு நாள் விஜயதசமிக்கு மறுநாள் வந்தது.

விஜயதசமியன்று துப்பாக்கி சட்டப்படி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. வளையங்களோடு கழற்றி வைத்திருந்த தொலைநோக்கிக்கு அப்படிச் சட்டமில்லை. தங்கை அதைத் தையல் இயந்திரத்துக்கும் மகளின் மடிக்கணினிக்கும் நடுவில் வைத்து, தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

"கண்ணாடியிலை படாமல் வைச்சனான். பாருங்கோ" என்றாள்.

பார்த்தோம். கண்ணாடியில் படவில்லை.

மறுநாள் சுடுதளத்தில், வெளியே தெரிந்த பொட்டை மச்சான் கைக்குட்டையால் துடைத்தார். பேக்கரிக்காரர் ஏற்கனவே பத்துக் குண்டுகளைச் சுட்டு எழுபத்தொரு புள்ளி எடுத்து, வெயிலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இன்னொரு தொலைநோக்கியோடு இருந்தேன். கருமருந்துப் புகை கலைவதற்குள் சுட்டவருக்கு ஒன்றும் தெரியாது. குண்டு எங்கே பட்டது என்று சொல்வது என் வேலை.

முதல் குண்டு மூன்று. இரண்டாவது தாளிலேயே இல்லை.

"எங்கை?"

"பக்கத்து மாவட்டத்திலை."

"பகிடி விடாதை."

மூன்றாவது ஐந்து. நான்காவது இரண்டு. நான்கும் நான்கு திசை. மச்சானின் காது சிவந்தது. அவசரத்தில் அதுவரை மறந்திருந்தவர், குழாயைப் பின்னே இழுக்கக் கை வைத்தார், இழுக்க ஒன்றுமில்லை. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. குழாய் நகரவே இல்லை.

நான் குனிந்தேன். கந்தகப் புகைக்கு நடுவே, கோயில் வாசலில் வருவது போன்ற ஒரு வாசனை. வளையத்தின் விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு. என் பத்திரிகைத் தாள் அளவு இடைவெளிக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து, குழாயை வளையத்தோடு ஒட்டிவிட்டிருந்தது. குழாய் வழுக்காததால் துப்பாக்கியின் உதைப்பு முழுவதும், குறியைச் சரிசெய்யும் பின்வளையத் திருகில் விழுந்து, ஒவ்வொரு சூட்டுக்கும் அதை நகர்த்தியிருக்கிறது.

நடுவராக இருந்த செயலாளர் அம்மையார் வந்து, என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். மச்சான் நிமிர்ந்து, கருமருந்துப் பரீட்சையில் பதில் சொன்ன அதே குரலில், சந்தனத்துக்கான ஜேர்மன் சொல்லை, "ஸாண்டல்ஹோல்ட்ஸ்" என்றார்.

அம்மையார் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்தார். "நல்ல வாசனை" என்றார். சுட்ட நான்கும் செல்லும். துடைக்க எத்தனை நிமிடம் வேண்டுமோ எடுக்கலாம், ஆனால் மணி ஓடும் என்றார். பிறகு தாளில் ஏதோ எழுதினார்.

தண்ணீர்ப் போத்தல், கைக்குட்டை, கடைசியில் மச்சானின் எச்சில். குழாய் வழுக்கியது. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆறு குண்டுகளையும் நான் வாய்விட்டுப் படித்தேன்: எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து, ஒன்பது, பத்து. ஐம்பத்தைந்து. முந்திய பத்தோடு அறுபத்தைந்து. ஆறு புள்ளி குறைவு. பேக்கரிக்காரர் வந்து கைகுலுக்கி, கடைசி ஆறு குண்டுக்காகத் தன் கோப்பியில் பாதியைக் கொடுத்தார்.

வீட்டில் தங்கை கதவைத் திறந்து, "என்ன மாதிரி?" என்றாள்.

"காத்து" என்றார் மச்சான்.

"பொட்டு வைச்சபடியாத்தான் இவ்வளவாவது" என்றாள் அவள்.

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் பல செய்திகளை நிறுத்தி வைத்த பழக்கம் கைகொடுத்தது.

நான்கு நாள் கழித்து மச்சான் சங்கத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். தேர்வு முடிவுத் தாளை மண்டப வாசலில் குத்தியிருந்தார்கள். இரண்டாவது வரியில் மச்சானின் முழுப் பெயர். இருபத்தேழு எழுத்தும், ஒன்றும் குறையாமல், எல்லோருடையதைப் போல அதே அளவில்.

"பார், அடங்குது" என்றார் தொலைபேசியில்.

தங்கை படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பெயரில் நிற்காமல் வலப்பக்கம் போனாள். குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: ஸாண்டல்ஹோல்ட்ஸ்.

"எங்கட சந்தனமோ?"

"ஓம்" என்றேன்.

அவள் தொலைபேசியை வாங்கி, "இஞ்சாருங்கோ" என்றாள். "அடுத்த வருசம் குழாயைத் தொடமாட்டன். துவக்குப் பெட்டிக்குப் பொட்டு வைக்கிறன். ஆனா பெட்டி பெரிசு, சந்தனம் கூட வேணும்."

"வை, வை" என்றது மறுமுனை. "பெட்டியை நான் இண்டைக்கே துடைச்சு வைக்கிறன்."