நெடுஞ்சாலையிலிருந்து எங்களை இறக்கிய தேவகி அக்கா

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் கார் அலங்காரக் கடையில், வாடிக்கையாளர் ஒருவரின் கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது குமரேசன் அழைத்தான். எப்போதும் "பாஸ்!" என்று கத்தியபடி ஆரம்பிப்பவன், அன்று மெதுவாக "அண்ணே" என்றான். "என்னடா?" என்றேன். "அக்கா போயிட்டாங்கண்ணே, ஹார்ட் அட்டாக்" என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் கார் சங்கத்தில் அக்கா என்றால் ஒருவர்தான்.

தேவகி அக்கா கிள்ளானில் ஒரு லோரி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கார் என்றால் உயிர். தம்முடைய பழைய சிவப்புக் காரின் எஞ்சினைத் தாமே கழற்றி மாட்டுவார். எங்கள் சங்கத்தில் அவர் சேர்ந்த நாளில், "இந்தம்மா பாவம், வழி தவறி வந்துட்டாங்க" என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. அடுத்த மாதமே தங்கள் காரில் என்ன கோளாறு என்று கேட்டு அவர் வீட்டு வாசலில் நின்றவர்களும் அவர்களேதான்.

அந்த நாட்களில் எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் கூட்டரசு நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவார்கள். சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. ஒருநாள் குமரேசனின் தாயார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடச்சுப் போவுது தேவகி" என்று அழுதார். "இவனுங்கள அந்த ரோட்டுல இருந்து இறக்குறது என் பொறுப்பு" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார்.

திட்டினால் திருந்தமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். "வேகம் தப்பில்ல லா. இடம்தான் தப்பு" என்றார். உண்மையான பந்தயத் தடத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லாரையும் அங்கே ஓட்ட வைப்பது என்று முடிவு செய்தார். தட நிர்வாகத்துக்கு எங்கள் மேல் நம்பிக்கையே இல்லை. அக்கா விடாமல் அலைந்து அந்த நாளை வாங்கினார்.

அந்தக் காலையில் நம்மவர்கள் செய்த காரியம் இருக்கிறதே! முதல் முறை பந்தயத் தடத்தில் கார் இறங்குகிறது. சகுனம் பார்க்காமல் இருப்பார்களா? தடத்துக்குள் நுழையும் வாயிலில் ஒவ்வொரு காரின் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். போதாததற்கு ஒரு மகானுபாவர் அங்கேயே தேங்காயும் உடைத்துவிட்டார். தார்த்தரை முழுக்க எலுமிச்சைச் சாறு, தேங்காய்த் தண்ணீர், சில்லு. வழுக்கினால் கார் நேராகச் சுவரில்தான் நிற்கும்.

தடத்தின் தலைமை அதிகாரி ஓடிவந்தார். "இது தடமா, கோயில் வாசலா? எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்" என்று மலாய் மொழியில் கத்தினார்.

"விடுங்கக்கா, ராத்திரி ஹைவேயில பாத்துக்கலாம்" என்றான் குமரேசன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. அதிகாரியிடம் போய், "என்சிக், அரை மணி நேரம் கொடுங்கள். சுத்தமாக இல்லையென்றால் நாங்களே போய்விடுகிறோம்" என்று மலாயில் பணிவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். வீட்டில் குடித்த கிளாஸைக்கூடக் கழுவாத எங்கள் வீரர்கள் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தார்கள். துடைக்கத் துணி போதாமல் சிலர் போட்டிருந்த டீ-சட்டையையே கழற்றினார்கள்.

அதோடு முடியவில்லை. கார்களைச் சோதித்த அதிகாரி, முன்பலகையில் ஒட்டியிருந்த பிள்ளையார்களையும் எடுக்கச் சொன்னார். பெயர்ந்து விழுந்தால் ஆபத்து. அவற்றில் பாதி என் கடையில் வாங்கியவை என்பதால் நான் அதிகாரியின் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்றேன்.

"எங்கம்மா ஒட்டுனது அக்கா. எடுக்க மாட்டேன்" என்று குமரேசன் அடம்பிடித்தான்.

"காருக்குள்ள இருந்தா அவரு உன்ன மட்டும்தான்டா பாப்பாரு. வெளிய வெச்சா எல்லாரையும் பாப்பாரு லா" என்றார் அக்கா.

அவனே பிள்ளையாரைப் பெயர்த்துக் கொடுத்தான். தடத்தோரம் ஒரு மேசை போட்டு, பிள்ளையார்கள், முருகன்கள், ஒரு மாதா என எல்லாரையும் தடத்தைப் பார்த்தபடி உட்கார வைத்தார் அக்கா. சிடுசிடுத்த அந்த அதிகாரி ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து மேசைக்கு மேல் விரித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, மலாயில் "போலே" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது!

அந்த நாளை எப்படிச் சொல்வேன்! கார்கள் சீறிய சீற்றம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. இறங்கி வந்த குமரேசன், "எதிர்ல எவனும் வரமாட்டான், குறுக்க மோட்டார் சைக்கிள் வராதுன்னு தெரிஞ்சு ஓட்டுறது வேற மாதிரிக்கா" என்று குதித்தான். கடைசியாக அக்கா தலைக்கவசம் மாட்டி ஓட்டினார். வளைவுகளில் அந்தப் பழைய கார் போன அழகைப் பார்த்து, அதிகாரியே கைதட்டினார்.

அதன்பின் தடத்தின் கதவு எங்களுக்கு ஒருபோதும் மூடப்படவில்லை. எங்கள் சங்கத்தில் ஒருவர்கூட மறுபடி சாலையில் பந்தயம் விடவில்லை.

சென்ற வாரம் அக்காவின் இறுதி ஊர்வலம் அதே கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகத்தான் சென்றது. சவ வண்டிக்குப் பின்னால், இடது ஓரத்தில், எங்கள் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பேருந்துகள் எங்களைக் கடந்தன. காய்கறி ஏற்றிய கிழட்டு லோரி ஒன்று புகை கக்கிக்கொண்டு எங்கள் அனைவரையும் முந்திச் சென்றது. குமரேசன் கையை வெளியே நீட்டி, போகட்டும் என்று அதற்கு வழி காட்டினான்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.