டர்போ என்று எழுதியிருந்த எங்கள் கார்

அந்தக் காரைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். இப்போது சின்னக் காரிலேயே டர்போ வருகிறது, இளவட்டங்கள் கேட்டு வாங்குகிறார்கள். "உங்க வீட்ல அப்பவே இருந்துச்சாமே!" என்று என்னிடம் வாயைப் பிளக்கிறார்கள். இருந்தது, சாமி. இருந்து எங்கள் வீட்டைக் குட்டிச்சுவராக்கிவிட்டுப் போனது.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூர் கணபதியில் அப்பா இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அப்பா அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் உழவுக்கூலியாகப் பாடுபட்டவர். அந்தக் காட்டை விட்டு வந்து, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் மண் சலித்து, லேத் பழகி, இரண்டு லேத்துக்குச் சொந்தக்காரர் ஆனது எங்கள் குடும்பத்தில் அப்பாதான் முதல். அம்மா போய்ச் சேர்ந்தபின் வீட்டில் மூன்று பேர்: அப்பா, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த நான், டிப்ளமோ முடித்த என் தம்பி. பட்டறையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். தம்பிக்கோ கார் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. மெட்ராஸில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவனை வரச்சொல்லியிருந்தார்கள். பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்துவிட்டான்.

போகாதே என்று அப்பா சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்த மாதிரி வார்த்தைகள் தொண்டையைத் தாண்டி வராது. "ஒரு கார் வாங்கலாம்டா கண்ணு, இங்கயே வெச்சு நோண்டிட்டிரு" என்றார். அவர் கெஞ்சியது அவ்வளவுதான். தம்பியும் இப்போதைக்குச் சரி என்றான். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: இவன் இருப்பானா, போவானா.

தம்பிக்கு வேகம் வேண்டும், அப்பாவுக்கு மைலேஜ் வேண்டும். இரண்டு பேரையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டான் கார் புரோக்கர். பின்பக்கம் பெரிதாக டர்போ என்று எழுதிய ஒரு பழைய வெளிநாட்டுச் சின்ன டீசல் காரைக் காட்டி, "ஏனுங்க, டீசல் அய்யாவுக்கு, டர்போ தம்பிக்கு. ஒரே வண்டில ரெண்டு பேருக்கும் திருப்திங்க" என்றான். இவ்வளவு மலிவாக ஏன் தருகிறீர்கள் என்று நான் கேட்டேன். "அம்மணிக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்" என்று சிரித்தான். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொள்ளட்டும்!

ஏன் மலிவு என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. அந்தச் சின்ன டீசல் என்ஜினுக்கு இயல்பிலேயே மூச்சு போதாது. புகைபோக்கிக்குப் போகும் புகையைக் கொண்டே ஒரு குட்டி விசிறியைச் சுற்றவைத்து, என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. வேகத்துக்காக வைத்ததல்ல, மேடு ஏறும்போது மானம் போகாமல் இருக்க வைத்தது. அதற்கு ஆன செலவை ஈடுகட்ட மற்ற எல்லாவற்றிலும் கை வைத்திருந்தார்கள். சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி டயர். பிரேக்கை அழுத்தினால் யோசித்துவிட்டு நிற்கும். என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, டர்போ எப்போது எழுந்திருக்கும் என்று காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடிகாரத்தைப் பதித்திருந்தார்கள். அதுவும் ஓடவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. நாம் மறந்துபோன நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல் குதிக்கும். "ஓடறதுக்குக் குடுத்திருக்கான், நிக்கறதுக்குக் குடுக்கலியேக்கா" என்றான் தம்பி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். எங்கள் அப்பாவுக்கு மட்டுமல்ல, அதைச் செய்த கம்பெனிக்காரனுக்கும் அதே ஆசைதான் போலிருக்கிறது.

வேகப் பிரியர்கள் டீசல் என்றாலே மூக்கைப் பொத்தினார்கள். சிக்கனக்காரர்கள் டர்போ என்றதும் "அது லாரிச் சமாச்சாரமுங்க, ரிப்பேர்னா ஆரு பாக்கறது?" என்று நகர்ந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். தம்பி முகம் சுண்டிப்போய் நிற்பான்.

அப்பாவின் கதை வேறு. டீசல் ஒரு சொட்டு வீணாகக் கூடாது. ரயில்வே கேட்டில் நின்றால் அணைப்பார். சிக்னலில் அணைப்பார். இறக்கம் வந்தால் அணைத்துவிட்டு உருட்டுவார். எங்கள் ஊரில் வண்டி வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். டர்போவுக்கு அது விஷம். சூடாகச் சுற்றிக்கொண்டிருப்பதைத் திடீரென்று அணைத்தால் உள்ளே நிற்கும் எண்ணெய் கருகிப் பிடித்துக்கொள்ளும்.

"வண்டி நின்னதும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அணைக்கோணுங்கப்பா."

"நிக்கற வண்டிக்கு எதுக்குடா டீசலு?"

இந்தச் சண்டை ஆறேழு மாதம் நடந்தது. பிறகு ஒருநாள் சூலூர் போய்த் திரும்பும் வழியில் டர்போ கிறீச்சென்று கத்திவிட்டு இறுகிப்போனது. அதன்பின் அந்தக் கார் மாட்டு வண்டிக்கு வழிவிட வேண்டிய நிலைக்கு வந்தது. தம்பி அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெட்ராஸுக்கு ஃபோன் பேசினான்.

ஊரெல்லாம் அலைந்தும் அந்த மாடலுக்கு டர்போ கிடைக்கவில்லை. விற்காத வண்டிக்கு யார் சாமான் வாங்கி வைப்பார்கள்? அப்போதுதான் அப்பா ஒரு காரியம் செய்தார். கோயமுத்தூர்க்காரனுக்கே உரிய திமிர் அது. "எந்த ஊர்க்காரன் செஞ்சா என்ன, இரும்புதானே? நானே செஞ்சுபோடறேன்" என்று டர்போவைப் பிரித்து லேத்தில் ஏற்றினார். விசிறியின் தண்டைத் தேய்த்துச் சீராக்கினார். அது சுழலப் புது புஷ் கடைந்தார். ஆர்டர் வேலைகளை ஓரங்கட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு மாதம் அதே வேலை. மகனிடம் வாயால் சொல்ல முடியாததை லேத்தில் கடைந்துகொண்டிருந்தார் பாவி மனுஷன். தம்பி பட்டறை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவான்.

பொருத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும்போது தம்பி அடுப்படிக்கு வந்தான். "அக்கா, நான் போகலை. எனக்காக அந்த மனுஷன் இப்படிப் பாடுபடறாரு. இன்னிக்குச் சொல்லிடறேன்." மாதாவே என்று அழுதுவிட்டேன்.

பூசை முடிந்து காரமடைப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். தம்பி ஓட்டினான், அப்பா பக்கத்தில், நான் பின்னால். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் கார் துள்ளிக்கொண்டு போனது. "இழுக்குதுங்கப்பா!" என்றான் தம்பி. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

காரமடை வருவதற்குள் முன்னாலிருந்து ஒரு ஊளை கேட்டது. லேத் ஓடும் வேகம் எங்கே, டர்போ சுற்றும் வேகம் எங்கே! அந்த வேகத்துக்கு மயிரிழை எடை பிசகினாலும் தாங்காது. உள்ளே உடைந்து, என்ஜின் எண்ணெய் காற்றுக்குழாய் வழியாகக் கொட்டியது. டீசல் என்ஜினுக்கு அதுவும் தீனிதான். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் அலறியது. தம்பி கிளட்சை மிதித்து எப்படியோ ஓரங்கட்டினான். அப்பா சாவியைத் திருகிப் பிடுங்கினார். நிற்கவில்லை. சாவி அவர் கையில் இருக்க, வண்டி தன்பாட்டுக்குக் கதறிக்கொண்டு, ரோடு மறையும் அளவுக்குப் புகையைக் கக்கியது. இறங்கி ஓடினோம். அத்தனை நாளும் தராத சக்தியையெல்லாம் சாகும்போது காட்டிவிட்டு, உள்ளே இறுகி, நின்றது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்படியே வீட்டுக்கு வந்திருக்கலாம்.

அப்பா புகையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் செஞ்ச சாமான்தான் ஒடஞ்சுது. உன்னையக் கொன்னுருப்பேன். நீ மெட்ராசுக்கே போயிரு கண்ணு. என்னால உனக்கு ஒரு நல்லதும் ஆகலை."

எனக்குப் பொறுக்கவில்லை. நடுரோட்டில் கத்தினேன். "அவன் போகலைங்கறானுங்கப்பா! காலைலயே எங்கிட்டச் சொன்னான். கேட்டுப் பாருங்க!"

அப்பா என்னைத்தான் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. "பாவம் பாத்து ஒருத்தன் எங்கூட இருக்க வேண்டாம் அம்மணி."

"பாவமா?" என்றான் தம்பி. முகம் செத்துப்போயிற்று. "சரிங்கப்பா. போறேனுங்க."

நான் இரண்டு பேரையும் மாறி மாறி வைதேன், அழுதேன். இரண்டு கல்லுக்கு நடுவில் நின்று எவ்வளவு நேரம் கத்துவது? பஸ் வந்தது, ஏறினோம். அந்த வாரமே அவன் மெட்ராஸ் போனான். அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

பிறகு அவன் வீட்டுக்கு வந்தது அப்பாவின் அடக்கத்துக்குத்தான். அவன் வரும்வரை சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். கால்மாட்டில் நின்றவன் என் பக்கம் திரும்பி, "என்னையக் கேட்டாராக்கா?" என்றான்.

"கேக்கலைடா. மெட்ராஸ் ரயில் வந்துருச்சா அம்மணின்னுதான் கடைசி வரைக்கும் தெனமும் கேட்டாரு" என்றேன்.