இரு கைகளிலும் கோப்பு

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் கல்விச் சேவையில் பணியாற்றி, பிரதிக் கல்விப் பணிப்பாளராக ஓய்வுபெற்றவன். எங்கள் ஊரான வேலணையில் நான் தலைமை தாங்காத கூட்டம் குறைவு.

சென்ற ஆண்டு நயினாதீவில் எனக்கொரு பாராட்டு விழா ஒழுங்கு செய்திருந்தனர். வரவேற்புரையில் என் பதவிகளில் ஒன்றேனும் விடுபடலாகாதென்று, நியமனக் கடிதங்கள் அடங்கிய கோப்புடன் குறிகட்டுவான் துறையில் படகேறினேன். மனைவியும் உடன் வந்தார்.

நடுக்கடலில் பேரலையொன்று படகைச் சரித்தது. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அருகிலிருந்த மனைவி வழுக்கி, படகின் விளிம்புவரை சென்றுவிட்டார்.

"இஞ்சேருங்கோ, கையைப் பிடியுங்கோ!" என்று கத்தினார்.

பின்னாலிருந்த மரக்கறி விற்கும் பெண் கூடையை எறிந்துவிட்டுப் பாய்ந்து, அவரை இழுத்துப் பிடித்தார்.

"ஐயா, உந்தக் கடதாசியளை விடுங்கோ! அம்மா கடலுக்கை போறா!" என்று என்னை அதட்டினார்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் இரு கைகளும் கோப்பை நெஞ்சோடு அணைத்திருந்தன.

கரையேறியதும் மனைவி கோபிக்கவில்லை. "கடதாசியள் நனையேல்லைத்தானே?" என்றுதான் கேட்டார். அலையைக் காட்டிலும் அக்கேள்வியே என்னை உலுக்கியது. அன்று நான் மேடையேறவில்லை.

கோப்பு இப்போது அலுமாரியில் இருக்கிறது. வெள்ளிதோறும் வெறுங்கையுடன் மனைவியோடு நயினாதீவுக் கோயிலுக்குப் படகேறுகிறேன். அவர் கையைப் பற்றியிருக்கும் அச்சிறு பொழுதில் உண்டாகும் மனநிறைவை எந்தப் பதவியிலும் நான் பெற்றதில்லை.

மனைவியை நான் காப்பாற்றியதாக ஊரில் சொல்கிறார்கள். அது பிழை. காப்பாற்றியவர் அந்த மரக்கறிக்காரப் பெண். நான் காப்பாற்றியது கோப்பை.